பிட்ச் கரெக்‌ஷன்: என் பாட்டில் எது தப்பு என்று யார் முடிவு செய்வது?

கீழ்ஸ்தாயி

எல்லாருக்கும் வணக்கம். நான் பாடுபவள். மேடையிலும் பாடுவேன், பதிவுக்கும் போவேன். இரண்டு வாரமாக மனதில் கிடந்து உறுத்தும் ஒரு விஷயத்தை இங்கே கேட்கிறேன்.

அண்மையில் ஒரு பாட்டு பதிவு செய்தோம். பிரிந்து போன ஒருவரை நினைத்துப் பாடும் பாட்டு. பல்லவியின் மூன்றாவது வரி "வரவில்லை" என்று முடியும். அந்த "லை"யில் நான் வேண்டுமென்றே சுருதியைத் தளர்த்தி இறக்கியிருந்தேன். ஸ்வரத்தைத் தொட்டு, ஒரு கணம் நின்று, மூச்சு அடங்குவது போலக் கீழே சரியும். எத்தனையோ நாள் பாடிப் பார்த்த பிறகுதான் அந்த அளவு பிடிபட்டது. கொஞ்சம் கூடினால் அழுகை ஆகிவிடும், கொஞ்சம் குறைந்தால் கேட்கவே கேட்காது.

மிக்ஸ், அதாவது குரலையும் வாத்தியங்களையும் சேர்த்துக் கலந்த பதிவு, வந்தது. இரவு ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். "லை" ஆணி அடித்த மாதிரி ஸ்வரத்தின் மேல் நேராக நிற்கிறது. என் குரல்தான், ஆனால் நான் பாடியது அது இல்லை. அந்த வரியை மட்டும் பத்துப் பதினைந்து தடவை ஓட்டிக் கேட்டேன். பதிவு செய்தவரிடம் கேட்டதற்கு, "சின்ன கரெக்‌ஷன்தான், எல்லாருக்கும் போடுவதுதான்" என்றார். அவர் நல்ல மனிதர், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அதனால்தான் எனக்கு இன்னும் குழப்பமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே பாட்டின் இரண்டாம் சரணத்தில் ஒரு மேல் ஸ்வரம் உண்மையிலேயே எனக்கு ஃப்ளாட் ஆகி, சுருதிக்குக் கீழே போய்விட்டது. அதையும் அவர் சரி செய்திருந்தார். அதைக் கேட்டபோது அப்பாடா என்றுதான் இருந்தது. ஆக, குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூன் போன்ற மென்பொருளே கூடாது என்று நான் சொல்ல முடியாது. ஒன்றில் மனம் நொந்தது, மற்றொன்றில் நிம்மதி வந்தது, இரண்டும் ஒரே கருவி. உங்களுக்கெல்லாம் இது எப்படி? யாராவது முதலில் உங்களைக் கேட்டுவிட்டுச் செய்கிறார்களா?

ஃபேடர்

நான் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவன். பத்து ஆண்டுக்கு மேலாகப் பதிவும் மிக்ஸும்தான் தொழில். உங்கள் "லை" எப்படிப் போயிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் நானும் இதைச் செய்திருக்கிறேன்.

மெலோடைன் போன்ற மென்பொருளில் பாடின ஒவ்வொரு ஸ்வரமும் திரையில் ஒரு குமிழ் மாதிரி தெரியும். அதன் நடுவே ஒரு மெல்லிய கோடு மேலும் கீழும் வளைந்து போகும். அதுதான் குரலின் உண்மையான நடை. பின்னால் ஸ்வரங்களுக்கான கட்டங்கள் வரிவரியாக இருக்கும். ஒரு குமிழ் கட்டத்தை விட்டுக் கீழே தொங்கினால் கை தானாக மவுஸுக்குப் போகும். அந்த இடத்தைக் காது கேட்டுத் தப்பு என்று சொல்லியிருக்காது. கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தது, இழுத்து வைத்துவிட்டோம், அவ்வளவுதான். நள்ளிரவில் ஆறாவது பாட்டைத் திருத்தும்போது சொல் என்ன, வரி என்ன என்று யாருக்கும் நினைவிருக்காது.

இன்னொரு வழியும் உண்டு. பலரும் முன்பே எல்லாம் அமைத்து வைத்த ஒரு டெம்ப்ளேட் வைத்திருக்கிறார்கள். பாடகர் உள்ளே வருவதற்கு முன்பே வோக்கல் டிராக்கில் ஆட்டோட்யூன் உட்கார்ந்திருக்கும், பாட்டின் சுருதியும் ஸ்கேலும், அதாவது அதில் வரும் ஸ்வரங்களும், தேர்வு செய்யப்பட்டிருக்கும். யாரும் முடிவே செய்யாமல் திருத்தம் நடந்துவிடுகிறது. உங்கள் விஷயத்தில் இது நடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

இப்போது நான் திருத்தும் முன் ஒரு முறை திரையை அணைத்துவிட்டுப் பாட்டை முழுதாகக் கேட்கிறேன். எந்த இடத்தில் காது உறுத்துகிறதோ அதைத் தாளில் குறித்துக்கொள்வேன். அப்புறம் திரையைப் போட்டால், குறித்த இடங்களுக்கும் கோணலாகத் தெரியும் இடங்களுக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது.

நேர்க்குரல்

என் கருத்து கொஞ்சம் கடுமையாக இருக்கலாம், மன்னிக்கவும். பாடத் தெரிந்தவருக்கு இது எதற்கு? சுருதி சேரவில்லை என்றால் மறுபடி பாடுங்கள். அப்போதும் சேரவில்லை என்றால் சாதகம் செய்துவிட்டு வாருங்கள். மேல் ஸ்வரம் ஃப்ளாட் ஆனதைத் திருத்தியதில் நிம்மதி வந்தது என்கிறீர்கள். நாளை மேடையில் அதே ஸ்வரம் வரும்போது அந்த நிம்மதி எங்கே போகும்? கேட்பவர் நம்பி வருகிறார். அவருக்குக் கொடுப்பது நம் தொண்டையில் இருந்து வந்ததாக இருக்க வேண்டும்.

பழைய நாடா

நேர்க்குரல் தம்பி, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணினிக்கு முன்பு எல்லாம் தொண்டையில் இருந்து வந்தபடியே இருந்தது என்று நினைத்தால் அது நடந்த கதை இல்லை. நான் டேப் காலத்தில் கிட்டார் வாசிக்கத் தொடங்கியவன்.

பன்ச் செய்வது அப்போதே உண்டு. பாடகர் பாடிக்கொண்டே வருவார், சரியாக அந்தச் சொல் வரும்போது ரெக்கார்ட் பொத்தானை அழுத்தி, சொல் முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அரை வினாடி பிசகினால் முன்னால் இருந்த நல்ல வரியும் அழிந்துவிடும். அப்புறம் டேக் கோர்ப்பது. ஒரு முறை பாடிப் பதிந்தது ஒரு டேக். ஐந்து டேக்கில் இருந்து ஒரு வரி இங்கே, ஒரு சொல் அங்கே என்று பொறுக்கி ஒரே பாட்டாக்குவது. டேப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சுருதியை மாற்றுவதும் சாதாரணம். 1967-ல் வெளிவந்த பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார்எவர்' பாட்டே வேறு வேறு சுருதியிலும் வேகத்திலும் இருந்த இரண்டு டேக்குகளை, டேப் வேகத்தை மாற்றி ஒட்டியதுதான். 1970-களின் நடுவில் ஈவென்டைட் நிறுவனத்தின் ஹார்மனைசர் என்ற கருவி வந்துவிட்டது. சுருதியை மட்டும் தனியாக ஏற்றி இறக்க அதில் முடிந்தது.

ஒரு இரவு எனக்கு மறக்காது. ஒரு பாடகி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். நாலாவது டேக்கில் கேட்டவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம், அப்படி ஒரு உயிர். ஆனால் கடைசி ஸ்வரம் ஒரு இழை கீழே போய்விட்டது. மறுபடி, மறுபடி என்று முப்பதைத் தாண்டிப் போனது. சுருதி சேர்ந்தது, குரலில் எதுவும் மிச்சமில்லை. அவர் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் முப்பத்து எத்தனையாவதோ டேக்தான் வெளியானது. நாலாவது டேக் அழிந்தே போனது, டேப் மிச்சப்படுத்த அதன் மேலேயே பதிந்துவிட்டார்கள்.

அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் கொஞ்சம் தூக்கி வைக்க அன்று ஒரு வழி இருந்திருந்தால் நான் இரண்டு கையாலும் வரவேற்றிருப்பேன். உயிருள்ள டேக்கைக் காப்பாற்றத்தான் இந்தக் கருவி என்று நினைத்தால் அதன் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

அலைவரிசை

நான் இசைக்கலைஞன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், கீபோர்டு வாசிப்பேன், ஒலி நிரல்கள் எழுதுவேன். இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் விவாதம் எளிதாகும் என்று தோன்றுகிறது.

ஆட்டோட்யூனை உருவாக்கியவர் ஆண்டி ஹில்டெபிராண்ட். புல்லாங்குழல் வாசிப்பவர், பிறகு எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் நில அதிர்வுத் தரவுகளை ஆராய்ந்தவர். பூமிக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் துறை அது. அங்கே பழகிய கணக்கைக் குரலுக்குக் கொண்டுவந்தார். 1997-ல் அன்டாரெஸ் நிறுவனம் வழியாக ஆட்டோட்யூன் வெளிவந்தது.

உள்ளே நடப்பது இதுதான். குரலின் அலை ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறது. அந்த அலையை அதன் மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பொருத்திப் பார்த்தால், ஏதோ ஒரு இடைவெளியில் இரண்டும் கச்சிதமாகப் படியும். வினாடிக்கு 440 முறை அதிரும் ஸ்வரத்துக்கு அந்த இடைவெளி சுமார் 2.27 மில்லிவினாடி. அதிலிருந்து சுருதி தெரிந்துவிடும். பிறகு நீங்கள் கொடுத்த ஸ்கேலில் பக்கத்து ஸ்வரம் எது என்று பார்த்து அங்கே தள்ளும். இதில் கவனிக்க வேண்டியது, நீங்கள் எந்த ஸ்வரத்தைப் பாட நினைத்தீர்கள் என்று நிரலுக்குத் தெரியாது. எது பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் அதற்கு இலக்கு. கீழ்ஸ்தாயி அவர்களின் "லை" சரிந்ததும் சரியாததும் அதற்கு ஒன்றே.

எவ்வளவு வேகமாகத் தள்ள வேண்டும் என்பதற்கு ரீட்யூன் ஸ்பீடு என்று ஒரு திருகு உண்டு. மெதுவாக வைத்தால் நீண்டு நிற்கும் ஸ்வரம் மட்டும் மெல்ல நேராகும், வழுக்கலும் அசைவும் பெரும்பாலும் தப்பிக்கும். பூஜ்யத்தில் வைத்தால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குக் குரல் படிக்கட்டு ஏறுவது போல் தாவும். 1998-ல் அமெரிக்கப் பாடகி ஷெர் பாடிய 'பிலீவ்' பாட்டில் உலகமே கேட்டது அந்தப் பூஜ்யத்தைத்தான். தயாரிப்பாளர்கள் முதலில் அந்த ரகசியத்தை வெளியே சொல்லாமல் வேறு ஒரு கருவியின் பெயரைச் சொன்னார்கள். அந்த அமைப்பை யாரும் விரும்பிப் பயன்படுத்துவார்கள் என்று தான் நினைக்கவே இல்லை என்று ஹில்டெபிராண்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஃபேடர் அண்ணா சொன்ன மெலோடைன் வேறு குடும்பம். பீட்டர் நாய்பேக்கர் உருவாக்கியது, 2001-ல் அறிமுகமானது. அதில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் கையால் எடுத்து வைக்கிறோம். அங்கே பிழை நடந்தால் பொறுப்பு முழுக்க அந்தக் கையுடையது.

நாலு தந்தி

வயலின் வாசிப்பவள். எனக்கு இதில் இருக்கும் பெரிய வருத்தமே "சரியான சுருதி" என்று அந்தத் திரை எதைச் சொல்கிறது என்பதுதான்.

ஒரு ஆக்டேவை, அதாவது ஒரு ஸ-விலிருந்து அடுத்த மேல் ஸ வரை உள்ள தூரத்தை, 1200 செண்ட் என்று பிரிக்கிறார்கள். கீபோர்டின் ஒரு கட்டை 100 செண்ட். கீபோர்டில் ஸ-வுக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே சரியாக 400. ஆனால் தம்புரா போன்ற ஒரு நிலையான ஸ-வின் மேல் காந்தாரத்தைப் பாடிப் பாருங்கள். காது தேடிப் போய் உட்காரும் இடம் ஏறத்தாழ 386. 5-க்கு 4 என்ற விகிதம் அது. அங்கே நின்றால் இரண்டு ஒலியும் ஒன்றில் ஒன்று கரைந்து, ஒரு அமைதி வரும். 14 செண்ட் மேலே ஏற்றினால் மெல்லிய துடிப்பு ஒன்று கேட்கத் தொடங்கும். திருத்தும் மென்பொருளைச் சாதாரண அமைப்பில் விட்டால் அது 386-ல் நின்று பாடியவரைத் தூக்கி 400-ல் வைக்கும். நன்றாகப் பாடியவருக்குத் தண்டனை கிடைத்த மாதிரி. வேறு சுருதி முறைகளும் அந்த மென்பொருளிலேயே உண்டு, தேடித் திறப்பவர்கள் குறைவு.

கமகம் என்று வந்தால் இன்னும் சிக்கல். நமக்கு ஸ்வரம் என்பது ஒரு புள்ளி கிடையாது. பக்கத்து ஸ்வரங்களைத் தொட்டுத் தொட்டு அசையும்போதுதான் அது அந்த ராகத்தின் ஸ்வரம் ஆகிறது. வேகமாகத் திருத்தும் அமைப்பில் அந்த அசைவு துண்டு துண்டாகும். ஒரு நீண்ட காந்தாரம் ரி, ம, ரி, ம என்று தனித்தனிக் கட்டையாக உதிர்ந்து விழுவதை நான் கேட்டிருக்கிறேன், வயிற்றைப் பிசைந்தது.

அதே நேரம், மொராக்கோவின் பெர்பர் இன மக்களின் பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்களும் குரலை வளைத்து வளைத்துப் பாடுபவர்கள். ஆட்டோட்யூனை முழுவேகத்தில் வைத்து, தங்கள் வளைவுகளை அதன் மேல் மோதவிட்டு, அந்தச் சிதறலையே அழகாக்கிக்கொண்டார்கள். அவர்கள் தெரிந்தே செய்கிறார்கள். கீழ்ஸ்தாயிக்கு நடந்தது அவருக்குத் தெரியாமல்.

இரவு டிராக்

கடைசி வரிக்காகவே நாலு தந்தி அக்காவுக்கு நன்றி. நான் ராப்பும் பாட்டும் கலந்து செய்பவன், என் குரலில் ஆட்டோட்யூன் எப்போதும் இருக்கும், அதை நான் மறைத்ததே இல்லை.

பாடி முடித்த பிறகு போடுவது ஒரு விதம். பாடும்போதே ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பாடுவது வேறு விதம். இரண்டாவதில் அது கிட்டாரின் ஒலியைப் பெருக்கி நிறம் மாற்றும் ஆம்ப் போல ஆகிவிடும். எப்படி என்று சொல்கிறேன். நான் ஒரு ஸ்வரத்தில் நேராகப் போய் நிற்க மாட்டேன். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் இருக்கும் விளிம்பு வரை குரலை ஏற்றி அங்கேயே நிறுத்துவேன். நிரலுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் குரல் அங்கும் இங்கும் துள்ளும். மூச்சைக் கொஞ்சம் அழுத்தினால் மேலே விழும், விட்டால் கீழே விழும். அந்தத் துள்ளலை எந்த எழுத்தில் வரவைப்பது என்று பழக எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் மனசு வலிக்கிறது.

அமெரிக்கப் பாடகர் டி-பெயின் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். 2005-லிருந்து அவர் அதைத் தன் குரலாகவே ஆக்கிக்கொண்டார். அடுத்த சில ஆண்டுகளில் எல்லாரும் அந்த ஒலியை எடுத்துக்கொண்டார்கள், பழி மட்டும் அவர் தலையில் விழுந்தது. நீ இசையைக் கெடுத்துவிட்டாய் என்று ஒரு சக பாடகர் நேரில் சொன்னதாகவும், அதன்பின் பல ஆண்டுகள் மனச்சோர்வில் கிடந்ததாகவும் அவர் 2021-ல் ஓர் ஆவணத் தொடரில் சொன்னார். 2014-ல் அமெரிக்க வானொலி அமைப்பான என்பிஆரின் அலுவலகத்தில், ஒரு மேசைக்குப் பின்னால், ஒரே ஒரு கீபோர்டுடன், எந்தத் திருத்தமும் இல்லாமல் அவர் பாடினார். கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். அவ்வளவு சுத்தமாகப் பாடத் தெரிந்தவர்தான் அந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

நேர்க்குரல்

இரவு டிராக், நீங்கள் சொன்ன விதத்தில் யோசித்ததில்லை. அது உங்கள் வாத்தியம் என்றால் என் பேச்சு உங்களுக்கு இல்லை. பழைய நாடா ஐயா சொன்ன நாலாவது டேக்கும் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆனால் ஒரு இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குரலை அளந்து பார்க்கவே கூடியிருக்கும் இடத்தில், அதாவது போட்டியில், கேட்பவருக்குச் சொல்லாமல் திருத்துவது ஏமாற்று. 2010-ல் பிரிட்டனின் 'எக்ஸ் ஃபேக்டர்' என்ற பாட்டுப் போட்டி நிகழ்ச்சியில் தேர்வுக்குப் பாடியவர்களின் குரலைத் திருத்தி ஒளிபரப்பியது தெரிந்து மக்கள் கொதித்தார்கள். வீட்டில் உட்கார்ந்து யாருக்கு ஆதரவு என்று முடிவு செய்பவர், நடுவர் கேட்ட குரலையே கேட்கவில்லை என்றால் அது என்ன போட்டி?

இதில் இசைக்கலைஞர்களே வெளிப்படையாகப் பேசியதும் எனக்குப் பிடிக்கும். 2002-ல் அமெரிக்கப் பாடகி அலிசன் மூரர் தன் ஆல்பத்தின் மேலேயே, குரலில் எந்தத் திருத்தமும் இல்லை என்று அச்சிட்டு ஒட்டினார். 2009 கிராமி விழாவுக்கு டெத் கேப் ஃபார் க்யூட்டி இசைக்குழுவினர் ஆட்டோட்யூனை எதிர்த்து நீல ரிப்பன் குத்திக்கொண்டு வந்தார்கள். அந்தக் கிராமியை வழங்கும் அதே அமைப்பு 2023-ல் ஹில்டெபிராண்டுக்குத் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருதைக் கொடுத்தது. காலம் எங்கே போகிறது என்று எனக்கும் தெரிகிறது. சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

குரல் வகுப்பு

பாட்டு சொல்லித் தருகிறேன். மாணவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் வரும் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து திருத்திய குரலையே கேட்டு வளர்ந்தவர்கள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, அழகான குரல், ஒவ்வொரு வரியிலும் பாதியில் நிறுத்திவிடுவாள். ஏன் என்று கேட்டால், "தப்பாப் போச்சு மிஸ்" என்பாள். எனக்கு ஒரு தப்பும் கேட்டிருக்காது. ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. ஒரு ஸ்வரத்துக்குள் நுழையும்போது குரல் இயல்பாகக் கொஞ்சம் கீழிருந்து வழுக்கி ஏறும் இல்லையா, அந்த வழுக்கலையே அவள் தப்பு என்று நினைத்திருக்கிறாள். அவள் கேட்ட எந்தப் பாட்டிலும் அது இல்லை. ஒரு வகுப்பு முழுக்க அவளுக்குப் பழைய பதிவுகளாகப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு வழுக்கலிலும் கையைத் தூக்கச் சொன்னேன். கை கீழே இறங்கவே நேரமில்லை. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இன்னொரு மாணவர், நடுவயதுக்காரர். வரியின் முடிவில் சுருதி இறங்கும், அவர் காதுக்கு அது தெரியாது. நான் நூறு முறை சொல்லியும் நம்பவில்லை. சுருதியைக் கோடாகக் காட்டும் திரையைப் போட்டுப் பாடச் சொன்னேன். கோடு ஒவ்வொரு வரியிலும் ஒரே இடத்தில் தொய்ந்தது. மூச்சு தீரும் இடம் அது. இரண்டு வாரம் திரையைப் பார்த்துப் பாடினார், பிறகு அதை அணைக்கச் சொல்லிவிட்டேன். இப்போது காதே சொல்கிறது.

இரண்டாம் குரல்

பின்னணிக் குரல் பாடுபவள், சின்னதாக ஒன்று. ஒரே வரியை எட்டு முறை பாடி அடுக்கும்போது எல்லாவற்றையும் துல்லியமாகத் திருத்திவிட்டால் எட்டுப் பேர் ஒரு ஆள் மாதிரி ஆகிவிடும். ஒலி ஒல்லியாகிவிடும். ஒவ்வொன்றும் அஞ்சு பத்து செண்ட் தள்ளித் தள்ளி இருக்கும்போதுதான் அந்த அகலமே வருகிறது. இதை நான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கீழ்ஸ்தாயி

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஃபேடர் சார், ஒரு உதவி. அவரிடம் இதை எப்படிக் கேட்பது? அவர் வேலையைக் குறை சொல்வது போல ஆகிவிடக் கூடாது. அடுத்த பாட்டும் அவரிடம்தான் பதிவு.

ஃபேடர்

தயங்காதீர்கள். திருத்தும் முன் இருந்த டேக் அழிந்திருக்காது, இப்போதைய மென்பொருளில் அசல் ஒலி அப்படியே கீழே இருக்கும். "ரா டேக்கையும் இதையும் சேர்த்து ஒரு தடவை கேட்கலாமா" என்று மட்டும் கேளுங்கள். தொழிலில் இது சாதாரணமான கேள்வி, யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

போகும்போது பாட்டின் வரிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நீங்கள் வேண்டுமென்றே வளைத்த இடங்களுக்குக் கீழே கோடு போடுங்கள். அவருக்கு இதுவரை அந்தத் தகவலே கிடைத்திருக்காது. குரலை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், தனியாகக் கேட்டால் எல்லாமே தப்பு மாதிரித்தான் தோன்றும். வாத்தியங்களோடு சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்த பதிவுக்கு இன்னும் நல்ல வழி, பாடி முடித்த உடனே, பூத்தை விட்டு வெளியே வந்த சூட்டோடு, "இந்த மூன்று இடத்தைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிடுவது. நான் அதை டிராக்கின் பெயரிலேயே எழுதி வைத்துவிடுவேன்.

கீழ்ஸ்தாயி

நேற்று போய் வந்தேன். சொல்ல நிறைய இருக்கிறது.

தாளை நீட்டியதும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் அதைப் படித்தார். மிக்ஸ் செய்தபோது வரிகள் அவரிடம் இல்லையாம். மூன்றாவது வரியைத் திறந்தார். ஃபேடர் சார் சொன்ன மாதிரியே குமிழும் கோடும். "லை"யில் கோடு ஸ்வரத்தைத் தொட்டு, நின்று, சுமார் 40 செண்ட் கீழே இறங்கியிருந்தது. என் கண்ணுக்கே அது பிழை மாதிரித்தான் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். திரையை அணைக்கச் சொன்னேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார். மூன்றாவது முறை அவரே கையை உயர்த்தி நிறுத்தி, "இதில்தான் அவர் வரவில்லை" என்றார். ரா டேக்கைச் சொன்னார்.

அப்புறம் நானே இரண்டாம் சரணத்தைத் திறக்கச் சொன்னேன். நேர்க்குரல் கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. திருத்தாமல் கேட்டால் அந்த மேல் ஸ்வரம் நன்றாகவே தொய்ந்திருந்தது, அதற்கு முந்தைய சொல்லில் மூச்சு எடுக்காமல் விட்டிருக்கிறேன். குரல் வகுப்பு அம்மா சொன்ன அதே இடம். "மறுபடி பாடட்டுமா" என்று கேட்டேன். பூத்துக்குள் போய் மூச்சை இடம் மாற்றி இரண்டு முறை பாடினேன். இரண்டாவது முறை ஏறக்குறைய வந்துவிட்டது. கடைசியில் ஒரு நூலளவு மட்டும் குறைந்தது. "தூக்கி வைக்கட்டுமா, இப்படியே விடட்டுமா?" என்று அவர் கேட்டார். தூக்கி வையுங்கள் என்றேன். முழு மனதோடு சொன்னேன்.

ஒரு இடத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. முதல் சரணத்தின் தொடக்கத்தில் நான் கீழிருந்து வழுக்கி ஏறுவது அவருக்கு வாத்தியங்களோடு ஒட்டவில்லை என்று படுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. அரை மணி நேரம் பேசினோம். இரண்டு விதத்திலும் மிக்ஸ் போட்டுத் தருகிறேன், நாலு நாள் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றார்.

இன்று காலை இரண்டும் வந்துவிட்டன. இரண்டிலுமே "லை" இறங்குகிறது.

நாலு தந்தி

அந்த வழுக்கல் இடத்தை எனக்கும் அனுப்புங்கள், ஸ-வோடு சேர்த்துக் கேட்டுப் பார்க்கிறேன்.